நாரத்தை மரமும் இப்னு கல்தூனும்

நம்மவர் மேடைகளில் அல்லாமா இப்னு கல்தூனின் (ரஹ்) பெயர் அடிக்கடி ஒலிக்கும். சமூகவியலின் தந்தை எங்களவர் என்று சொற்பொழிவாளர் முழங்குவார்; கூட்டம் மகிழும்; அத்துடன் அப்பேரறிஞர் அலமாரிக்குத் திரும்பிவிடுவார். 1377இல் அவர் எழுதிய ‘முகத்திமா’வில் என்னதான் இருக்கிறது என்று கேட்பாரில்லை. நாம் ஓதிய நாளில் அந்நூல் பாடத்தில் இல்லை. நாற்பது வயதைக் கடந்த பின்னரே அரபு மூலத்தை முழுமையாகப் படித்தோம். ஆதலின் பிறரைக் குறைகூறும் தகுதி நமக்கும் குறைவே.

அவரைப் பற்றி ஆங்கிலத்தில் வெளிவந்த மூன்று ஆய்வு நூல்களை இவ்வாண்டு அடுத்தடுத்துப் படித்தோம். சையித் ஃபரீத் அலாத்தாஸின் ‘இப்னு கல்தூனைப் பொருத்திப் பார்த்தல்’ (2014) அரசியலையும் சமூகவியலையும் சார்ந்தது. ஸ்டீபன் டேலின் ‘மராக்கெஷின் நாரத்தை மரங்கள்’ (2015) மெய்யியல் வழியே செல்வது. ராபர்ட் இர்வினின் ‘இப்னு கல்தூன்: ஓர் அறிவு வரலாறு’ (2018) அவரை அவர் காலத்திலேயே நிறுத்திக் காண்பது. நூற்பெயர்களை நாமே தமிழாக்கித் தந்துள்ளோம்.

இப்னு கல்தூனைப் புகழ்வோர் பலர், பயன்படுத்துவோர் சிலர் என்பது அலாத்தாஸின் குறை. அஸபிய்யா எனும் குழுப்பற்று பாலையில் வலுத்து அரசை நிறுவுகிறது. நகரச் சுகத்தில் தேய்கிறது. பின்னர் வேறொரு குழு வருகிறது. இக்கோட்பாட்டை உதுமானிய, ஸஃபவிய அரசுகளுக்கும், நம் காலத்துச் சவூதி அரபியா, சிரியா நாடுகளுக்கும் அவர் பொருத்துகிறார். முயற்சி நன்று. ஆயினும் எண்ணெய் வருவாயும் நிலைப்படையும் கொண்ட அரசைக் குதிரையேறி வந்த குலங்களின் அளவுகோலால் எவ்வளவு தூரம் அளக்கலாம் என்ற ஐயம் நமக்குத் தீரவில்லை.

மற்ற இருவரும் ஒருவரையொருவர் மறுப்பவர் போலவே நிற்கின்றனர். டேலுக்கு இப்னு கல்தூன் அரிஸ்டாட்டில், ஃபாராபி, இப்னு ருஷ்து ஆகியோரின் வழிவந்த பகுத்தறிவாளர். இர்வினுக்கோ அவர் மாலிகி சட்ட அறிஞர், தஸவ்வுஃபில் தோய்ந்தவர், கனவு, எழுத்துக் கணிதம், ஸாயிர்ஜா எனும் குறிச்சக்கரம் ஆகியவற்றில் பெருவேட்கை கொண்டவர். அவருக்கு இக்காலத்துச் சட்டை மாட்டாதீர் என்கிறார் இர்வின். இதைக் கூறும் இர்வின் 1960களில் அல்ஜீரியாவின் முஸ்தகானம் ஸாவியாவில் தங்கி இஸ்லாத்தைத் தழுவியவர், 2024இல் மறைந்தார். வெளியிலிருந்து எள்ளியவர் அல்லர்.

டேல் தம் நூலுக்குப் பெயர் எடுத்த பகுதியைக் கொண்டே இவ்வழக்கைத் தீர்க்கலாம் என்பது நம் துணிபு. ஓர் ஊரில் நாரத்தை மிகுதியாக நடப்பட்டால் அவ்வூர் அழியும் என்பது மக்களின் சகுன நம்பிக்கை. முகத்திமா அதை எடுத்துக்கொண்டு காரணம் கூறுகிறது. உணவுக்குதவாத மரத்தை அழகுக்காகவே நட்டு நீர் பாய்ச்சும் அளவுக்கு ஓர் ஊர் ஆடம்பரத்தில் ஊறிவிட்டால் அதன் முடிவு நெருங்கிவிட்டது, குற்றம் மரத்தினுடையதன்று. சகுனத்தைச் செவிமடுத்தவரும் அதற்குக் காரணம் தேடியவரும் ஒருவரே. இர்வின் முன்னவரையும் டேல் பின்னவரையும் பற்றிக்கொண்டனர். மெய்யியலாளரை மறுக்கும் இயலிலும் இதே நிலைதான்: மறுத்துக்கொண்டே வந்தவர், சான்றுகளை ஒழுங்குபடுத்த அளவைநூல் பயன்படும் என அங்கேயே ஒப்புகிறார். (மூலத்திலுள்ள ‘நாரஞ்ஜ்’ என்ற சொல்லும் நம் நாரத்தையும் உறவுடையன என்பர் சொல்லாராய்ச்சியாளர். அதை ஊறுகாயிடும் நம் வீட்டுப் பெண்கள் அல்லாமாவின் தீர்ப்பை ஏற்கமாட்டார்கள்!)

மேடைப் புகழ்ச்சிக்கு இடங்கொடாத பகுதி முகத்திமாவின் புவியியல். 1154இல் சிசிலி மன்னர் ரோஜருக்காக இத்ரீஸி இயற்றிய நூலைத் தழுவி, உலகை ஏழு இக்லீம்களாகப் பகுத்து எழுதுகிறார். கருநிறம் நூஹ் (அலை) அவர்களின் மகன் ஹாமுக்கு நேர்ந்த சாபத்தின் விளைவு என்ற கதையைத் தள்ளி, வெயிலே காரணம் என்கிறார். அந்த நூற்றாண்டில் இது துணிவான கூற்று. ஆனால் சில பக்கங்களுக்குள்ளேயே, கடுவெயில் நாட்டார் விலங்கினத்தை ஒத்தவர் என்றும் எழுதிவிடுகிறார். இதனைப் படிக்கையில் நமக்கு வெட்கமாக இருந்தது. மறைப்பதற்கு நமக்கு உரிமையில்லை.

முதல் இக்லீமில் அவர் வைத்த தீவுகளுள் ஒன்று ஸரந்தீப், அதாவது இலங்கை. ஆப்பிரிக்காவின் ஸுஃபாலாவுக்கு எதிரே அது வட்டமாகக் கிடப்பதாகவும், உலகில் அதனினும் உயர்ந்ததில்லை எனக் கூறப்படும் மலை அங்குள்ளதாகவும் எழுதுகிறார். பாவா ஆதம் மலையையே குறிக்கிறார் போலும். இலங்கையிலேயே பீதுருதலாகல மலை அதனினும் உயர்ந்தது. 1344இல் அத்தீவையும் மஃபர் கரையையும் கண்டு மீண்ட இப்னு பதூதா அவர் காலத்தவரே. அப்பயணியின் இந்தியச் செய்திகளைக் கேட்டு ஐயுற்றதையும், காணாததை எல்லாம் பொய்யென்று தள்ளாதே என ஓர் அமைச்சர் தம்மைத் திருத்தியதையும் இப்னு கல்தூன் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்.

மூன்று நூல்களில் ஒன்றுதான் வாங்க இயலும் என்பவர் இர்வினை வாங்குக. அரபு ஓதியோர், அதைத் திறக்குமுன் மூலத்தில் இக்லீம்களைப் பற்றிய பகுதியைப் படித்துவிடுதல் நன்று.