கேமரா காணாத பருவம்

முதுமலையைப் படங்களில் மட்டும் பார்த்தவருக்கு அது எப்போதும் காய்ந்த காடு: இலையுதிர்ந்த தேக்கு, புழுதி, குட்டைக்கரையில் யானைக் கூட்டம். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை மரங்கள் மொட்டையாக நிற்கும். மாயாற்றையும் சில குட்டைகளையும் விட்டால் தண்ணீர் அரிது. விலங்கைத் தேடி அலைய வேண்டாம், தண்ணீர்ப் பக்கம் காத்திருந்தால் போதும். ஜூனில் மழை பிடித்தால் புல்லும் உண்ணிச்செடியும் மண்டி எல்லாவற்றையும் மறைத்துவிடும். காடு செழித்திருக்கும் மாதங்கள் படத்துக்குள் வருவது குறைவு. காட்டுயிர்ப் படக்கலையை எடைபோட இந்தச் சாய்வே நல்ல தொடக்கம்.

அதன் பலம் சிறிதல்ல. ஒரு புலியின் வரி இன்னொன்றுக்கு வராது. ஒரே புலிக்கும் இடப்பக்க வரி வேறு, வலப்பக்க வரி வேறு. அதனால்தான் கணக்கெடுப்பில் தானியங்கிக் கேமராக்களைத் தடத்தின் இருபுறமும் எதிரெதிரே கட்டுகிறார்கள். இந்தியாவின் 2018 புலிக் கணக்கெடுப்பில் 26,838 இடங்களில் வைத்த கேமராக்கள் ஏறத்தாழ 3.49 கோடி படங்கள் எடுத்தன. புலி விழுந்தவை 76,651. அழகுக்காக எடுத்த படத்துக்கும், நாளும் இடமும் குறித்துவைத்தால், இதே ஆவண மதிப்பு ஓரளவு உண்டு. கறுப்பு வெள்ளையில் யானைகளைப் படமெடுத்த மா. கிருஷ்ணனின் (1912–1996) படங்கள் இன்றும் பேசப்படுவதற்குக் காரணம், படத்துக்குப் பின்னால் நெடுநாள் கவனிப்பு இருந்ததுதான்.

குறையும் அதே வேரிலிருந்து வருகிறது. நல்ல படம் கிடைக்கும் பருவம் பெரும்பாலும் விலங்குக்கு இக்கட்டான பருவம். ஆனைமலைக் காடுகளில் பெண் இருவாச்சி மரப்பொந்துக்குள் புகுந்து, எச்சத்தால் வாசலைப் பூசி அடைத்துக்கொள்ளும். அலகு நுழையும் இடுக்கு மட்டும் மிஞ்சும். ஆண் பறவை தொண்டையில் அடக்கிவந்த அத்திப்பழங்களை ஒவ்வொன்றாகக் கக்கி அந்த இடுக்கு வழியே ஊட்டும். அடிமரத்தில் ஆள் தெரிந்தால் அது கூட்டுக்கு வரத் தயங்கும். படமெடுப்பவருக்கு அரைமணிநேரக் காத்திருப்பு. உள்ளே இருக்கும் தாய்க்கும் குஞ்சுக்கும் ஒரு வேளைச் சாப்பாடு. கூட்டின் இடத்தை இணையத்தில் போட்டுவிட்டால் மறுநாள் இன்னும் பத்துப் பேர் வருவார்கள்.

ஆளையே விடக்கூடாது என்பது தீர்வாகாது. பார்க்காத காட்டுக்காகப் பேசவும் ஆள் இருக்காது. கேரளத்தின் இரவிகுளத்தில் வரையாடுகள் குட்டி ஈனும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பூங்காவைச் சுற்றுலாப் பயணிகளுக்கு மூடிவிடுகிறார்கள். மற்ற மாதங்களில் பயணிகள் தாராளமாக வருகிறார்கள். இடத்துக்குத் தடை போடாமல் பருவத்துக்குப் போடும் இந்த ஏற்பாடு நியாயமானது. ஆனால் இருவாச்சியின் கூட்டுமரங்கள் பல, பூங்கா வாசலுக்கு வெளியே, தேயிலைத் தோட்டத்து ஓரங்களில் நிற்கின்றன. அங்கே தடை போட வனத்துறையால் மட்டும் முடியாது. கூட்டில் எடுத்த படத்துக்குப் பரிசில்லை என்று போட்டி நடத்துபவர்களும், அதை அட்டையில் போடமாட்டோம் என்று பத்திரிகைகளும் முடிவெடுத்தால், மரத்தடிக் கூட்டம் குறையும்.