பந்தற்காலை நம்பிய மாடி

கல்யாணப் பந்தல் மறுநாள் பிரிக்கப்படும் என்பதை யாவரும் அறிவோம். அதன் காலை நம்பி மாடிச் சுவர் எழுப்புவார் உண்டா? கணிப்பொறியில் அதற்கும் இடமுண்டு!

1970-இல் எட்கர் காட் என்ற அறிஞர், தகவல்களை அட்டவணைகளாக அமைத்து ஆளும் முறையை வகுத்தார். அவ்வழியில் 1986-இல் பெர்க்லியில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் தலைமையில் போஸ்ட்கிரஸ் என்னும் பணி தொடங்கிற்று. இலவசமாகக் கிடைக்கும் போஸ்ட்கிரெஸ்க்யூஎல் என்ற மென்பொருள் அதன் வழித்தோன்றலே. இதில் நிலையான அட்டவணை அழிக்கும்வரை இருக்கும். தற்காலிகப் பொருளோ, நாம் தொடர்பைத் துண்டித்ததும் மறையும்.

கொல்லிமலை அடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டியில் ஒரு வணிகர் மிளகு கொள்முதல் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தேதி, எடை, தரம் என மூன்று பத்திகளில் நிலையான அட்டவணை அமைக்கிறார். ஆனால் தரத்துக்குரிய ‘முதல், இரண்டாம், மூன்றாம்’ என்ற வகைப் பட்டியலை மட்டும் தற்காலிகமாக ஆக்கிவிடுகிறார். மென்பொருள் மறுப்பதில்லை. மாலையில் தொடர்பு முடிகிறது. மறுநாள் பார்த்தால், தேதி இருக்கிறது, எடை இருக்கிறது. தரம் என்ற பத்தியே இல்லை! முதல் தர மிளகு தந்த மலைவாசி விவசாயிக்கு எதைக் கொண்டு விலை தீர்ப்பது?

நம் குறை இதுதான். அதே பட்டியலை நாமே அழிக்க முயன்றால், ‘இதைச் சார்ந்து ஒரு பத்தி இருக்கிறது’ என்று மென்பொருள் தடுக்கும். தொடர்பு முடியும்போது மட்டும், சார்ந்ததையும் சேர்த்து ஓசையின்றி அழிக்கிறது. நிலையான அட்டவணையில் வரும் எண் இன்னோர் அட்டவணையில் இருந்தே தீரவேண்டும் என விதிக்கும்போது, அந்த இன்னோர் அட்டவணை தற்காலிகமானால் உடனே மறுக்கிறது. ஆகவே ஆபத்தை அறியாத மென்பொருள் அன்று. எல்லா வாயில்களிலும் காவல் வைக்கவில்லை, அவ்வளவே.

‘தற்காலிகமானது மறையத்தானே வேண்டும்?’ என்று கேட்கலாம். உண்மை. தொடர்பு அறுந்தபின் எச்சரிக்கை கேட்கவும் ஆளில்லை. அதனாலேயே, அட்டவணை பிறக்கும் வேளையில் தடுப்பதுதான் முறை.

மாணவர்களே, நிலையானதற்கு நிலையானதையே ஆதாரமாக்குங்கள். தவறி அமைத்துவிட்டாலும், தொடர்பை முடிக்குமுன் அந்தப் பத்தியைச் சாதாரண எழுத்து வகைக்கு மாற்றிவிடுங்கள், தகவல் பிழைத்துவிடும்.