சென்ட்ரல் பார்க்கில் பத்து நிமிடம்

ஈஎஸ்பிஎன்னின் 'தர்ட்டி ஃபார் தர்ட்டி' விளையாட்டு ஆவணப்படத் தொடரின் பெயரிலேயே வந்த பாட்காஸ்டில் எது உச்சம் என்று கேட்டால் பாதிப் பேர் 'பிக்ரம்' என்பார்கள். 2018இல் வந்த ஐந்து பாகம். யோகா குருவின் வண்டவாளம் தண்டவாளம் ஏறுகிற கதை, தொட்டால் முடிக்காமல் கீழே வைக்க முடியாது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே ஆளைப் பற்றி அடுத்த வருடமே நெட்ஃபிளிக்ஸில் படமும் வந்துவிட்டது. காதுக்கு மட்டுமே உரிய கதை என்று அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. என் ஓட்டு அதே பாட்காஸ்டின் 'தி சிக்ஸ் ஹூ சாட்'டுக்கு.

1972 அக்டோபர் 1. நியூயார்க் மாரத்தான் அப்போது ஊர் முழுக்க ஓடுகிற திருவிழா இல்லை, சென்ட்ரல் பார்க்குக்குள்ளேயே சுற்றிச் சுற்றி ஓடுவதுதான். பெண்கள் தனியாக, பத்து நிமிடம் முன்னதாகக் கிளம்ப வேண்டும் என்று அமெரிக்க அமெச்சூர் விளையாட்டு அமைப்பான ஏஏயூவின் விதி. பெண்களுக்கான துப்பாக்கி வெடித்ததும் ஓட வந்த ஆறு பெண்களும் கோட்டிலேயே உட்கார்ந்துவிட்டார்கள், கையில் கண்டன அட்டைகளோடு. ஆண்களுக்கு வெடித்தபோதுதான் எழுந்தார்கள், எல்லோரோடும் சேர்ந்து ஓடினார்கள். உட்கார்ந்த பத்து நிமிடத்தையும் அவர்கள் கணக்கில் ஏற்றினார்கள் அதிகாரிகள். பெண்களில் முதலாவதாக வந்த நீனா குஸ்சிக்கின் நேரம் 3 மணி 8 நிமிடம் 41 விநாடி. அதில் பத்து நிமிடம் அவர் ஓடவே இல்லை!

இதை டிவிக்குக் கொடுத்தால் என்ன செய்வார்கள்? உட்கார்ந்திருக்கும் அந்தப் பிரபலமான புகைப்படத்தை மெதுவாகப் பெரிதாக்குவார்கள், பின்னால் பியானோ, எட்டு விநாடியில் அடுத்த காட்சி. பிறகு அந்தப் பெண்களை நாற்காலியில் உட்கார்த்தி, விளக்குப் போட்டு, கீழே பெயர்ப் பட்டை. 45 வருடம் கழித்துப் பேசுகிறவரின் முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் நம் மனம் 1972ஐ விட்டு வெளியே வந்துவிடும். குரல் அந்தத் துரோகத்தைச் செய்வதில்லை. முகத்தைவிட மெதுவாகவே அதற்கு வயதாகிறது. பழைய கோபம் நினைவுக்கு வரும்போது ஒரு சொல்லுக்கு முன்னால் மூச்சு கொஞ்சம் தங்கும் பாருங்கள், அதை ஹெட்ஃபோனில் கேட்க வேண்டும். எடிட்டர் அந்த மூச்சை வெட்டாமல் விட்டால் பாதி வேலை முடிந்தது. இப்போது மூச்சு, இருமல், தயக்கம் எல்லாவற்றையும் சாஃப்ட்வேரே துடைத்தெடுத்துவிடுகிறது. சுத்தமாகத்தான் இருக்கிறது, ஆஸ்பத்திரி வராந்தா மாதிரி.

இன்னொன்று, கதைசொல்லி. டிவி பக்கத்தில் எஸ்ரா எடல்மனின் 'ஓ.ஜே.: மேட் இன் அமெரிக்கா' ஏழு மணி நேரத்துக்கு மேல் ஓடுகிறது, கதைசொல்லியே கிடையாது. அங்கே அது அழகு. காதுக்கு வேலை செய்யும்போது அந்தச் சொகுசு இல்லை. பேசுவது யார் என்று யாராவது சொல்லியாக வேண்டும், அதுவும் பெயர்ப் பட்டையைப் படிக்கிற மாதிரி இல்லாமல், கேட்கிறவர் அடுத்த முறை அந்தக் குரலை அடையாளம் கண்டுகொள்ளும்படி. 2017இல் இந்தப் பாட்காஸ்டைத் தொடங்கி நடத்திய ஜோடி அவிர்கனுக்கு அந்த அளவு தெரிந்திருந்தது. இரண்டு வாக்கியம் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்வார். அவர் குரலில் ருசி போதாது என்பார்கள் சில நண்பர்கள். ருசியான குரல் ஆறு பெண்களுக்கு நடுவே எதற்கு என்பேன் நான்.

அவரும் அவர் குழுவும் செய்த பெரிய காரியம், டிவி தொடரின் வாலைப் பிடித்துக்கொண்டு போகாதது. பெயர் அதே, கதைகள் வேறு. 1997இல் இருபது பிரிட்டிஷ் பெண்கள் ஐந்து அணியாகப் பிரிந்து, ஒரு அணி விட்ட இடத்திலிருந்து அடுத்த அணி நடந்து, வட துருவம் போய்ச் சேர்ந்த கதை 'ஆன் தி ஐஸ்'. நியூ ஜெர்சியின் ராவே சிறைக்குள்ளேயே தொழில்முறை குத்துச்சண்டை போட்ட ஜேம்ஸ் ஸ்காட்டின் கதை இன்னொன்று. 'தி ட்ரையல்ஸ் ஆஃப் டான் அண்ட் டேவ்' மட்டும் எனக்குக் கொஞ்சம் இடிக்கும். ரீபாக் விளம்பரங்களையும், ஒலிம்பிக் தேர்வுப் போட்டியின் போல்வால்ட்டில் டெகாத்லான் வீரர் டான் ஓபிரையன் மூன்று முறையும் கோட்டை விட்டதையும் கண்ணால் பார்க்காமல் எப்படி?

இன்றைக்குத் துணைப் பாட்காஸ்ட் என்றால் இரண்டு பேர் மைக் முன்னால் உட்கார்ந்து நேற்று ராத்திரி வந்த எபிசோடைப் பற்றி அரட்டை அடிப்பது. டைரக்டர் விருந்தாளியாக வருவார், ஷூட்டிங்கில் மழை பெய்ததைச் சொல்வார், மூவரும் சிரிப்பார்கள். இதையும் கேமரா வைத்துப் படம் பிடித்து யூடியூபில் ஏற்றுகிறார்கள். பார்த்த எபிசோடை எனக்கே திருப்பிச் சொல்ல ஆள் எதற்கு? படம் எடுக்கும் குழு ஆராய்ச்சிக்கென்று எடுத்த பேட்டிகளில் காட்சி இல்லை என்ற ஒரே காரணத்துக்காக ஒதுக்கப்பட்டவை எத்தனை இருக்கும்! தயாரிப்பாளர்கள் அரட்டைக்கு மைக் வாங்குவதற்கு முன்னால் அந்த ஹார்ட் டிஸ்க்கை ஒருமுறை திறந்து கேட்கலாம்.