சுதந்தரமும் பாடுகளும்: இரட்சணிய யாத்திரிகத்தின் பருவ வரிசை குறித்து

திருவண்ணாமலையில் ஊழியம் செய்யும் எவருக்கும் 'யாத்திரிகன்' என்பது வெறும் புத்தகச் சொல் அன்று. பௌர்ணமிதோறும் வெறுங்காலோடு மலையைச் சுற்றி 14 கிலோமீட்டர் நடந்து வருகின்ற மக்கள் வெள்ளத்தை நாம் வாசலில் நின்றே காண்கின்றோம். இவ்வூரில், சபையின் வாலிபர் சிலரோடு அமர்ந்து, எச். ஏ. கிருஷ்ணபிள்ளையின் 'இரட்சணிய யாத்திரிக'த்தை மாலை வேளைகளில் வாசித்து வந்தோம். அந்த வாசிப்பின் நடுவே எழுந்த ஒரு கேள்வியே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று.

கேட்டவர் மூன்று ஆண்டுகளுக்கு முன் ஞானஸ்நானம் பெற்ற ஓர் இளைஞர். அவருடைய தகப்பனார் தம் உழைப்பால் வாங்கிய நிலத்தைப் பிள்ளைகளுக்குப் பங்கிட்டு எழுதியபோது இவர் பெயரை மட்டும் விட்டுவிட்டார். "ஐயா, பரலோகத்தில் எனக்குச் சுதந்தரம் உண்டு என்று போதிக்கிறீர்கள், நானும் நம்புகிறேன். ஆனால் அது இங்கே இழந்ததற்கு ஈடா? ஈடு என்றால் நான் விசுவாசிக்கவில்லை, வியாபாரம் செய்திருக்கிறேன் என்றல்லவா ஆகும்?" என்றார் அவர். அன்று மாலை அவருக்கு விடைகூற நம்மால் இயலவில்லை. நூலுக்கே திரும்பினோம்.

'சுதந்தரம்' என்ற சொல்லை முதலில் தெளிவுபடுத்துவது நலம். பழைய வேதாகமத் தமிழில் அது தகப்பனிடமிருந்து பிள்ளைக்கு வந்து சேரும் உரிமைச் சொத்தைக் குறிக்கும். இன்றைய வாலிபரோ அச்சொல்லைக் கேட்டவுடன் 1947-ஆம் ஆண்டை நினைக்கின்றனர். 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு 'உரிமைப்பேறு' என்று வழங்குவதால் இம்மயக்கம் பெரிதும் நீங்கிற்று. பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தின் எட்டாம் அதிகாரத்தில், நாம் தேவனுடைய பிள்ளைகள் என்பதிலிருந்து சுதந்தரவாளிகள் என்பதையும், அதிலிருந்து கிறிஸ்துவோடு உடன் சுதந்தரவாளிகள் என்பதையும் வருவித்து, உடனே அவரோடு பாடுபடுவதையும் கூறுகின்றார். பேதுருவின் முதலாம் நிருபமும் அழியாத சுதந்தரத்தைப் பேசிய அதே மூச்சில், நெருப்பில் சோதிக்கப்படும் விசுவாசத்தைப் பேசுகிறது. ஆகவே இவ்விரண்டும் இணைந்தவை என்பதில் ஐயமில்லை. அவை எவ்வாறு இணைந்தன என்பதே வினா. வேலையும் கூலியும் போலவா? மகனும் தகப்பன் வீடும் போலவா?

இவ்வினாவை வெறும் உருவகம் என்று நம் நாட்டில் தள்ளிவிட முடியாது. மதம் மாறியவன் தன் சொத்துரிமையை இழப்பான் என்ற பழைய நிலையை 1850-ஆம் ஆண்டின் 21-ஆம் சட்டம் நீக்கிற்று. ஆயினும் 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 26-ஆம் பிரிவு, மதம் மாறியவருக்கு அதன்பின் பிறக்கும் பிள்ளைகள் தம் இந்து உறவினரின் சொத்தில் வாரிசுரிமை பெறுவதற்குத் தடை விதிக்கிறது; அவர்கள் அவ்வேளையில் இந்துக்களாக இருந்தாலன்றி அத்தடை நீங்காது. தகப்பனார் தாமே சம்பாதித்த சொத்தை விரும்பியவருக்கு எழுதிவைப்பதை எச்சட்டமும் தடுப்பதில்லை. எனவே அந்த இளைஞர் கேட்டது நிலத்தின் மீது நின்று கேட்ட கேள்வி.

கிருஷ்ணபிள்ளையும் அதே நிலத்தில் நின்றவரே. 1827-இல் திருநெல்வேலியை அடுத்த கரையிருப்பில், கம்பராமாயணம் பயின்ற வைணவ வேளாளக் குடும்பத்தில் பிறந்தார். சாயர்புரத்தில் தமிழாசிரியராய் இருந்த காலத்தில் கிறிஸ்துவை அறிந்து, 1858-இல் சென்னையில் ஞானஸ்நானம் பெற்றார். மேற்கூறிய சட்டம் இயற்றப்பட்டு அப்போது எட்டு ஆண்டுகளே சென்றிருந்தன. சட்டம் சொத்தைக் காக்கலாம். உற்றார் முகத்தை அதனால் திருப்பித்தர இயலாது. அவருடைய காப்பியம் 'நற்போதகம்' இதழில் பகுதி பகுதியாக வெளிவந்து, 1894-இல் நூலாயிற்று. 3766 பாடல்களும் ஐந்து பருவங்களும் கொண்ட இந்நூல், ஜான் பனியன் 1678-இல் வெளியிட்ட ஆங்கில உரைநடை நூலைத் தழுவியது. அவ்வாங்கில நூலின் உரைநடைத் தமிழாக்கத்தை 'மோட்சப் பிரயாணம்' என்ற பெயரில் நம் வீடுகள் நன்கறியும்.

கிருஷ்ணபிள்ளையைக் 'கிறிஸ்தவக் கம்பர்' என்று புகழ்வது நம் மேடைகளில் வழக்கமாகிவிட்டது. அப்புகழ்ச்சியில் தவறில்லை. ஆனால் அது பல வேளைகளில் நூலை வாசிப்பதற்குப் பதிலாக நின்றுவிடுகிறது. மறுபுறத்தில், இது பிறமொழி நூலின் வழிநூல்தானே என்று ஒதுக்குவோரும் உளர். இரு சாராரும் ஒரு செய்தியைக் கவனிப்பதில்லை. பனியனிடம் இல்லாத ஒன்றைக் கிருஷ்ணபிள்ளை காப்பியத்தின் நடுவே வைத்திருக்கின்றார். அது கிறிஸ்துவின் பாடுகளின் வரலாறு.

பனியனின் நூலில் யாத்திரிகன் தன் ஊரைவிட்டு ஓடுகையில், தன்னைத் தடுக்க வந்தவரிடம், அழியாததும் மாசற்றதும் வாடாததுமான சுதந்தரத்தைத் தேடிச் செல்வதாகப் பேதுருவின் சொற்கொண்டே கூறுகின்றான். ஆக, சுதந்தரமே அவன் பயணத்தின் முதற்பேச்சு. சிறிது தூரம் சென்றபின் சிலுவையைக் காண்கின்றான். முதுகின் சுமை தானே கழன்று விழுகிறது. அச்சிலுவைக் காட்சி மிகச் சுருக்கமானது. ஆங்கில வாசகருக்கு அதற்குமேல் விரிக்க வேண்டாம் என்று பனியன் எண்ணியிருக்கலாம். சுவிசேஷம் அவர்கள் தொட்டிலிலேயே கேட்டது.

கிருஷ்ணபிள்ளையின் வாசகர் அத்தகையோர் அல்லர். ஆதி பருவத்தை அடுத்துக் குமார பருவத்தை அமைத்து, அதில் 'இரட்சணிய சரிதப் படலம்' என்ற பகுதியில் பிலாத்துவின் முன் இயேசு நின்ற நிலையையும், மக்கள் அவரை இகழ்ந்ததையும், அவர் மறுமொழி கூறாது பொறுத்ததையும் விரித்துப் பாடுகின்றார். அதன் பின்னரே நிதான பருவம் வருகிறது. மாயாபுரிச் சந்தையில் பிடிபட்டு, பொய்ச்சாட்சிகளின் முன் நின்று உயிர்நீக்கும் நிதானியின் கதை குமாரனின் கதைக்குப் பிந்தியது. 'குமாரன்' என்றால் மகன். மகனின் பாடுகளைக் கூறும் பருவம் முந்தியது. அடியானின் பாடுகளைக் கூறும் பருவம் பிந்தியது. இவ்வரிசையே இந்நூலின் இறையியல் என்பது நம் துணிபு.

இவ்வரிசையைக் கொண்டு வாசித்தால் நிதானியின் மரணம் வேறுவிதமாகத் தோன்றும். அவன் மோட்சத்தை விலைகொடுத்து வாங்கவில்லை. விசாரணை மன்றில் அவன் நிற்கும்போது, அங்கே முன்பே ஒருவர் நின்றதை வாசகர் அறிந்திருக்கின்றனர். அவன் பேசும் இடமெல்லாம், பேசாதிருந்த அவரின் நிழல் விழுகிறது. சுதந்தரம் அவனுக்குப் பாடுகளின் முடிவில் தரப்படும் பரிசு அன்று. மகனோடு ஒன்றிணைந்ததால் முன்பே அவனுக்குச் சொந்தமாயிருந்த ஒன்று. அவன் பாடுபடுவது அக்குடும்பத்தைச் சேர்ந்தவன் என்பதன் அடையாளம். தகப்பன் வீட்டில் மகன் படும் துன்பத்துக்குக் கூலி பேசுவாரில்லை.

இனி, கவிஞர் இழந்த சுதந்தரத்தோடு அவர் கைவிடாது கொண்டுவந்த சுதந்தரத்தையும் நாம் நோக்க வேண்டும். கம்பரின் நடை அவரோடு வந்தது. காப்பியத்தின் இடையிடையே அவர் அமைத்த இசைப்பாடல்களுக்குத் 'தேவாரம்' என்றே பெயரிட்டார். அவருடைய மற்றொரு நூலுக்குப் 'போற்றித் திருவகவல்' என்று பெயர்; திருவாசகத்தின் ஒரு பகுதிக்கும் அதுவே பெயர். மாணிக்கவாசகர் திருவெம்பாவையைப் பாடியது இத்திருவண்ணாமலையில் என்பது மரபு; மார்கழி விடியலில் அதன் ஓசை இன்றும் நம் சன்னல்வழி வருகிறது. மதம் மாறியவன் தன் மொழியின் பக்தியையும் விட்டுவிட வேண்டும் என்று ஒருகாலத்தில் நம்மவரே பலர் எண்ணினர். கிருஷ்ணபிள்ளை அவ்வாறு எண்ணவில்லை. உற்றார் அவரைத் தம் பங்காளியல்லர் என்று கருதியிருக்கலாம். தமிழ் அவரைத் தள்ளவில்லை. காப்பியப் பகுதிகளில் அவர் புலவராகப் பேசுகின்றார். தேவாரப் பகுதிகளிலோ பெற்ற தாயை அழைக்கும் பிள்ளையின் குரல் கேட்கிறது. பாடுகளைப் பற்றிய அவரது உண்மையான சாட்சி, அலங்காரம் குறைந்த அவ்விசைப்பாடல்களில்தான் இருப்பதாக நாம் கருதுகின்றோம்.

இத்தனை கூறியபின் குறைகளையும் கூறுவது கடன். முதலாவது, காப்பிய மரபு வீரமரணத்தையே பெரிதாகக் காட்டும். தீயில் மடிந்து தேரில் ஏறிச் செல்லும் நிதானிக்கு அங்கே இடமுண்டு. பல ஆண்டுகள் ஒரே தெருவில் வாழ்ந்து, தகப்பனின் முகத்தை நாள்தோறும் கண்டு, பேச்சற்றுக் கடந்து செல்லும் விசுவாசிக்கு இடமில்லை. பனியன் தாமே அத்தகைய நீண்ட துன்பத்தை அறிந்தவர். 1660-இல் சிறைபுகுந்து ஏறத்தாழ 12 ஆண்டுகள் அங்கிருந்தார். பிரசங்கிப்பதில்லை என்று ஒப்பியிருந்தால் விடுதலை பெற்றிருப்பார். பார்வையற்ற தம் மகளை நினைத்துக் கலங்கியதை அவர் தம் தன்வரலாற்றில் மறைக்கவில்லை. ஆனால் அவருடைய யாத்திரிகனோ ஊரைவிட்டு நீங்கியபின் ஊருக்குத் திரும்புவதில்லை. நம் இளைஞரின் யாத்திரை அப்படியன்று. மலையைச் சுற்றுவோர் புறப்பட்ட வாசலுக்கே வந்து சேருவதுபோல, அவர் ஒவ்வொரு மாலையும் தாம் தள்ளப்பட்ட வீட்டின் வாசலுக்கே வந்து சேருகின்றார்.

இரண்டாவது, இக்காப்பியத்தில் சபை மங்கலாகவே தெரிகிறது. யாத்திரிகனுக்குத் துணைவர் உண்டு, குடும்பம் இல்லை. பனியன் இக்குறையை உணர்ந்தவர்போல் 1684-இல் இரண்டாம் பாகம் எழுதி, யாத்திரிகனின் மனைவியையும் மக்களையும் அயலாரையும் ஒரு கூட்டமாக நடத்திச் சென்றார். கிருஷ்ணபிள்ளையோ முதற்பாகத்தின் வழியிலேயே செல்கின்றார். ஆனால் மாற்கு சுவிசேஷத்தின் பத்தாம் அதிகாரத்தில், தம்மினிமித்தம் வீட்டையும் நிலத்தையும் உறவையும் விட்டவன் இம்மையிலேயே வீடுகளையும் சகோதரரையும் தாய்மாரையும் நிலங்களையும் நூறத்தனையாகப் பெறுவான் என்று கூறிய ஆண்டவர், அவற்றோடு துன்பங்களையும் சேர்த்தே எண்ணுகின்றார். மத்தேயுவிலும் லூக்காவிலும் காணாத சொல் அது. அங்கே துன்பம் சுதந்தரத்துக்குக் கொடுக்கும் விலையாக இல்லை. சுதந்தரப் பட்டியலிலேயே எழுதப்பட்டிருக்கிறது. நூறு தாய்மாரும் நூறு சகோதரரும் எங்கே என்று கேட்டால், சபையைத் தவிர வேறு விடையில்லை.

மூன்றாவது குறை கவிஞருடையது மட்டுமன்று, நம்முடையதுமாகும். இழப்பதற்கு நிலமும் குலப்பெருமையும் உடையவரின் பாடுகளை நாம் காப்பியமாகப் போற்றுகின்றோம். எங்கள் வட்டாரத்துச் சபைகளில் பெரும்பாலோர் தலித் மக்கள். விட்டுவருவதற்கு அவர்கள் முன்னோரிடம் ஒரு காணி நிலமும் இருந்ததில்லை. 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதியினருக்குரிய உரிமைகளை இந்துக்களுக்கு மட்டும் என வரையறுத்தது, 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர், கிறிஸ்தவர் சேர்க்கப்படவில்லை. ஆகவே தம் விசுவாசத்தை வெளிப்படையாய் அறிக்கையிடும் எளியவர், கல்வியிலும் வேலையிலும் தம் பிள்ளைகளுக்குரிய பங்கை இழக்கின்றனர். இதுவும் கிறிஸ்துவினிமித்தம் இழக்கும் சுதந்தரமே. இதைப் பாட ஒரு காப்பியம் இன்னும் எழவில்லை. அதுமட்டுமன்றி, அவர்களுள் பலர் சபைக்குள்ளும் சாதியின் பெயரால் பங்கு மறுக்கப்பட்டவர் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்ள வேண்டும்.

அந்த இளைஞருக்கு நாம் இறுதியில் கூறிய விடை இதுவே. "தம்பி, அது ஈடு அன்று. நிலம் நிலமே, அதை இழந்தது இழப்பே. அதற்காகத் துக்கப்படுவது அவிசுவாசம் அன்று. நீர் எதையும் விற்று எதையும் வாங்கவில்லை. நீர் மகனாக்கப்பட்டீர்; மகனுக்குரிய வீடும் வந்தது, மகனுக்குரிய பாடும் வந்தது. குமார பருவம் முந்தி, நிதான பருவம் பிந்தி." அவர் சற்று நேரம் மௌனமாயிருந்து, "அப்படியானால், அந்த நூறு சகோதரர் யார், ஐயா?" என்று கேட்டார்.

அக்கேள்விக்கு விடை நூலில் இல்லை. வாசித்துக்கொண்டிருந்த நம்மிடமே இருந்தது. பரலோக சுதந்தரத்தைப் பிரசங்கிக்கும் சபை, அதன் நிமித்தம் இவ்வுலகப் பங்கை இழந்தவனுக்கு வீடாகவும் தாயாகவும் இராவிட்டால், அதன் பிரசங்கம் மாயாபுரிச் சந்தையின் மற்றொரு கடையாகவே முடியும். கிருஷ்ணபிள்ளையின் காப்பியம் நமக்கு வந்த சுதந்தரம். சுதந்தரவாளி அதை அலமாரியில் பூட்டிவைக்கலாகாது. வாலிபரோடு அமர்ந்து, பருவ வரிசையை விடாது வாசிக்க வேண்டும். வாசித்து எழுந்தபின், யாருடைய பெயர் எந்தப் பத்திரத்தில் விடுபட்டது என்று விசாரித்து, அவர் வாசலுக்கு நடந்து செல்ல வேண்டும்.