தற்காலிகக் கைகளில் ஒரு நீண்ட ஆராய்ச்சி

1994இன் இறுதியில் கலிஃபோர்னியாவின் பெர்க்லி நகரில், ஜேம்ஸ் ஆலிசனின் ஆய்வகத்தில், புற்றுக்கட்டி வளர்ந்திருந்த எலிகளுக்கு ஓர் ஆன்டிபாடி செலுத்தப்பட்டது. உடலின் எதிர்ப்பாற்றல் செல்களான டி செல்களை அடக்கிவைக்கும் சிடிஎல்ஏ-4 என்ற மூலக்கூறைச் செயலிழக்கச் செய்வது அதன் வேலை. அடக்குமுறை விலகியதும் டி செல்கள் கட்டியைத் தாக்கின, கட்டிகள் கரைந்துபோயின. கிறிஸ்துமஸ் விடுமுறையிலேயே சோதனையை மறுபடியும் செய்து பார்த்தார்கள். 1996இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளிவந்த கட்டுரையில் மூன்று பெயர்கள் இருந்தன: டானா லீச், மேத்யூ க்ரம்மெல், ஆலிசன். அந்த ஆன்டிபாடியைச் செய்தவர் முனைவர் பட்ட மாணவராக இருந்த க்ரம்மெல். எலிகளுக்கு அதைக் கொடுத்துக் கட்டிகளை அளந்துவந்த லீச் அங்கே ஒரு போஸ்ட்டாக். அதே வழியில் மனிதருக்காக உருவாக்கப்பட்ட இபிலிமுமாப் என்ற ஆன்டிபாடி மருந்து 2011இல் அங்கீகாரம் பெற்றது. 2018இல் ஆலிசனுக்கு, ஹோன்ஜோ என்ற இன்னொரு ஆய்வாளருடன் சேர்த்து, நோபல் பரிசு கிடைத்தது.

புற்றுநோய் எதிர்ப்பாற்றல் ஆய்வு இன்றும் இப்படித்தான் நடக்கிறது. ஆய்வகத் தலைவர் மானியத்துக்கு விண்ணப்பம் எழுதுகிறார், கருத்தரங்குகளுக்குப் போகிறார், துறையின் திசையைக் கணிக்கிறார். எலியின் தோலுக்கடியில் ஊசி போடும் கை பெரும்பாலும் போஸ்ட்டாக்கினுடையது. முனைவர் பட்டம் முடித்து, பேராசிரியர் பதவி கிடைக்காமல், தலைவரின் மானியத்தில் ஆண்டுக்காண்டு ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும் நிலையில் இருப்பவர் அவர். இந்த ஏற்பாடு துறைக்குத் தந்திருப்பது ஏராளம். ஆனால் துறை எந்தக் கேள்விகளைக் கேட்கலாம் என்பதையே அது குறுக்கிவிட்டது என்பது என் மதிப்பீடு.

தந்ததை முதலில் சொல்ல வேண்டும். போஸ்ட்டாக் வகுப்பு எடுக்க வேண்டாம், விடைத்தாள் திருத்த வேண்டாம், குழுக்களில் உட்கார வேண்டாம். ஒரே கேள்வியோடு சில ஆண்டுகள் வாழலாம். இந்தத் துறைக்கு அது சொகுசு அல்ல, தேவை. இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை கட்டியைக் காலிப்பரால் அளக்க வேண்டும். பிறகு அதை வெட்டியெடுத்து, நொதிகளால் கரைத்துத் தனித்தனி செல்களாக்கி, பதினைந்து இருபது நிறமேற்றிய ஆன்டிபாடிகளைச் சேர்த்து, செல்களை ஒவ்வொன்றாக ஒளியால் அளக்கும் ஃப்ளோ சைட்டோமீட்டரில் ஓட்ட வேண்டும். செல்கள் காத்திருக்காமல் செத்துக்கொண்டே இருக்கும் என்பதால் காலையில் தொடங்கிய வேலை நள்ளிரவில் முடிவது சாதாரணம். திரையில் தெரியும் புள்ளிக்கூட்டத்தில் உண்மையான டி செல் எது, செத்த செல்லின் பொய் ஒளிர்வு எது என்று பிரித்தறியும் கண், பல ஆண்டுப் பழக்கத்தில்தான் வாய்க்கும்.

ஆள் இடம் மாறும்போது அறிவும் இடம் மாறுகிறது. ‘டி செல் சோர்வு’ என்ற கருத்து முதலில் புற்றுநோயில் பிறக்கவில்லை. நாள்பட்ட வைரஸ் தொற்று உள்ள எலிகளில்தான் கண்டறியப்பட்டது. அந்தச் சோர்வில், டி செல்களை அடக்கும் இன்னொரு மூலக்கூறான பிடி-1இன் பங்கை 2006இல் எமரி பல்கலைக்கழகத்தில் ரஃபி அகமதின் குழு காட்டியது. வைரஸ் ஆய்வகத்தில் பழகியவர்கள் கட்டி ஆய்வகத்துக்குப் போகும்போது இத்தகைய கருத்துகளும் சுவர் தாண்டுகின்றன. நமக்கு நெருக்கமான சான்றும் உண்டு. ராகுல் பூர்வார் ஹார்வர்டு மருத்துவப் பள்ளியில் போஸ்ட்டாக்காக மெலனோமா என்ற தோல் புற்றில் டி செல்களின் செயலை ஆராய்ந்தவர். பின்னர் ஐஐடி பம்பாயில் சேர்ந்து, டாடா நினைவு மருத்துவமனையோடு இணைந்து அவர் உருவாக்கிய நெக்ஸ்கார்-19 என்ற, நோயாளியின் டி செல்களையே மாற்றியமைத்துத் திரும்பச் செலுத்தும் கார்-டி சிகிச்சைக்கு 2023 அக்டோபரில் இந்தியாவில் அனுமதி கிடைத்தது. போஸ்ட்டாக் காலம் வீணான காத்திருப்பு என்பவர்கள் இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இனி, குறுக்கியது. பி16 என்ற மெலனோமா செல்களை எலியின் தோலுக்கடியில் செலுத்தினால் பத்து நாளுக்குள் கட்டி கைக்குத் தட்டுப்படும். மூன்று வாரம் அளவில் எலியைக் கொன்றாக வேண்டியிருக்கும். மனிதரின் புற்று இப்படி வருவதில்லை. எதிர்ப்பாற்றலோடு பல ஆண்டுகள் மல்லுக்கட்டி, அதன் கண்ணில் படாமல் இருக்கக் கற்றுக்கொண்ட பிறகே அது வெளியே தெரிகிறது. மரபணு மாற்றிய எலிகளில் தானாக உருவாகும் கட்டி இதற்கு ஓரளவு நெருக்கம், ஆனால் அதற்கு மாதங்கள் ஆகும். மனிதப் புற்றுநோயாளிகளில் பெரும்பாலோர் வயதானவர்கள்; எலியைக் கிழடாக்க இரண்டு ஆண்டுகள் வேண்டும். இன்னொரு பக்கம், வெளிநாட்டு ஆராய்ச்சியாளருக்கு அமெரிக்கா தரும் ஜே-1 விசா ஐந்து ஆண்டுதான். சொந்த ஆய்வகத்துக்கு வழி திறக்கும், அமெரிக்காவின் கே99 மானியத்துக்குப் போஸ்ட்டாக் அனுபவம் நான்கு ஆண்டுக்கு மேல் போகக்கூடாது. இந்த நெருக்கடியில் இருப்பவர் இரண்டு ஆண்டு எலியைத் தேர்ந்தெடுப்பாரா? பி16ஐத்தான் எடுப்பார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் எலியில் கரைந்த கட்டி மனிதரில் கரையாமல் போவதற்கான காரணங்களுள், இப்படி அவசரத்தில் தேர்ந்தெடுத்த சோதனைமுறையும் ஒன்று என்பதை மறுக்க முடியாது.

சோதனையைத் திரும்பச் செய்வதும் இதே நெருக்கடியில் அடிபடுகிறது. ஆம்ஜென் நிறுவனத்தில் 53 முக்கியமான புற்றுநோய் ஆய்வுகளை மறுபடி செய்து பார்த்ததில் 6 மட்டுமே உறுதிப்பட்டதாக 2012இல் பெக்லியும் எல்லிஸும் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். காரணங்கள் பல. அடுத்த வேலை ஒரு பெரிய இதழ்க் கட்டுரையைப் பொறுத்திருக்கும்போது, அதைக் கெடுக்கக்கூடிய இன்னொரு சோதனைக்கு நேரம் ஒதுக்குவது பெரும் துணிச்சல் என்பதும் அவற்றுள் ஒன்று.

சம்பளம் பற்றி இப்போது பரவலாகப் பேசுகிறார்கள், பேச வேண்டியதுதான். அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்கள் 2024இல் நிர்ணயித்த தொடக்க உதவித்தொகை ஆண்டுக்கு 61,008 டாலர். பாஸ்டன் வாடகைக்கு அது போதாது. 2022இல் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் 48,000 பேர் நடத்திய வேலைநிறுத்தத்தில் போஸ்ட்டாக்குகளும் இருந்தார்கள், ஊதிய உயர்வும் பெற்றார்கள். ஆனால் பணத்தைவிட ஆழமானது, ஒரே மனிதரைச் சார்ந்திருக்கும் நிலை. சம்பளம், கட்டுரையில் பெயர் வரும் வரிசை, பரிந்துரைக் கடிதம் எல்லாம் தலைவர் கையில். அமெரிக்காவின் போஸ்ட்டாக்குகளில் பாதிக்கும் மேற்பட்டோர் தற்காலிக விசாவில் இருப்பவர்கள். அவர்களுக்கு அந்த நாட்டில் தங்கும் உரிமையும் அதே வேலையில் தொங்குகிறது. தலைவருக்குப் பிடித்த கோட்பாட்டுக்கு எதிரான முடிவு தன் எலிகளில் வந்தால், அதைத் தயங்காமல் அவர் மேசைமேல் வைக்க இவர்களில் எத்தனை பேரால் முடியும்? அறிவியலுக்கு மிகவும் தேவையான அந்தத் தைரியத்தை இந்த அமைப்பு விலையேற்றி வைத்திருக்கிறது.

தேசிய சுகாதார நிறுவனங்களின் ஆலோசனைக் குழு 2023 டிசம்பரில் 70,000 டாலர் சம்பளத்தோடு, போஸ்ட்டாக் காலத்துக்கு ஐந்து ஆண்டு உச்சவரம்பையும் பரிந்துரைத்தது. நோக்கம் நல்லது. ஆனால் ஐந்தாம் ஆண்டு முடிவில் போய்ச்சேர இடம் இல்லாதவருக்கு வரம்பு என்பது வெளியேற்றம்தான். அவரோடு புள்ளிக்கூட்டத்தைப் படிக்கும் கண்ணும் போய்விடும். அடுத்தவர் அதை முதலிலிருந்து பழக வேண்டும். இதற்கு ஒரு மாதிரி ஏற்கெனவே உண்டு: அமெரிக்காவின் தேசியப் புற்றுநோய் நிறுவனம் ஆர்50 என்ற மானியத்தை வைத்திருக்கிறது. சொந்த ஆய்வகம் நடத்த விரும்பாத தேர்ந்த ஆய்வாளருக்கு, தலைவரின் மானியத்தை மட்டும் நம்பியிராமல் ஊதியம் கிடைக்க அது வழி செய்கிறது. வரம்பு விதிக்கும்போதே இத்தகைய நிலையான பணியிடங்களையும் பெருக்க வேண்டும். அவற்றில் ஒரு பங்கை, கிழட்டு எலிகளிலும் மெதுவாக வளரும் கட்டிகளிலும் வேலை செய்ய முன்வருபவர்களுக்கென்றே ஒதுக்கிவைக்க வேண்டும்.