திரு.வி.க.வின் உரைநடையும் சென்னைத் தொழிலாளர் சங்கமும்

திரு.வி.க.வின் உரைநடை பற்றி அறிஞர் எழுதியவை பல. அவர்தம் சிறு வாக்கியங்களையும், அடுக்கிவரும் வினாக்களையும், எளிய செந்தமிழ்ச் சொல்லாட்சியையும் அவர்கள் நன்கு தொகுத்துக் காட்டியுள்ளனர். ஆயினும் அந்நடை எவரை நோக்கிப் பேசிப் பேசி உருப்பெற்றது என்னும் வினாவை எழுப்பியோர் சிலரே. 1944இல் வெளிவந்த ‘வாழ்க்கைக் குறிப்புகள்’ நூலில் தொழிலாளர் இயக்கம் பற்றி வரும் பகுதியை வரலாற்றுத் துறையார்க்கு உரியதென ஒதுக்கி, நடையை மட்டும் எடுத்துக்கொள்ளும் வழக்கம் நம்மிடையே உண்டு. இவ்விரண்டையும் பிரித்தல் பொருந்தாது என்பது என் கருத்து.

வெஸ்லி கல்லூரியில் தமிழாசிரியராயிருந்த திரு.வி.க., 1917இல் அப்பணியை விடுத்துத் ‘தேசபக்தன்’ இதழின் ஆசிரியரானார். அரசியல் மேடைகளில் ஆங்கிலமே பெரிதும் ஒலித்த காலம் அது. அந்நாளில் பெரம்பூர்ப் பகுதியில் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளின் அருகே சிறுவணிகம் செய்துவந்த செல்வபதி செட்டியாரும் இராமாநுஜுலு நாயுடுவும் வேங்கடேச குணாமிர்த வர்ஷணி சபை என்னும் வைணவ சபையை நடத்திவந்தனர். சமயச் சொற்பொழிவு கேட்க ஆலைத் தொழிலாளர் அங்கு வருவர். கேட்டபின் உடனே கலைந்துவிடார். மேலாளர் வசைமொழி, தண்டம், சோற்றுப்பொழுதின் குறுக்கம் ஆகியவற்றைத் தமக்குள் பேசிக்கொள்வர். இப்பேச்சிலிருந்தே 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. பி. பி. வாடியா தலைவர், திரு.வி.க. துணைத்தலைவருள் ஒருவர். முறையான உறுப்பினர் பட்டியலும் சந்தாவும் கொண்ட இந்தியத் தொழிற்சங்கங்களுள் இதுவே முதலாவது என்பர்.

சங்கம் என்னும் சொல்லின் வரலாற்றை நாம் அறிவோம். புலவர் அவைக்கும் பௌத்தத் துறவியர் கூட்டத்திற்கும் அது பெயராயிருந்தது. 1901இல் மதுரையில் தமிழ்ச் சங்கம் தோன்றியபோதும் அது கற்றோரின் அவையே. பெரம்பூரிலோ கையெழுத்திட அறியாதவனும் சந்தா செலுத்திச் சங்கத்தான் ஆனான். சொற்பொருள் மாற்றங்களை ஆராய்வோர் இதனை விட்டுவிடுதல் தகாது.

தொழிலாளிக்குச் சங்கம் தந்த பயன் யாது? கூலி உயர்வு என்று விரைந்து விடை கூறலாம். அது பொய்யன்று, ஆனால் அது பின்னர் வந்தது. முதற்கண் எழுந்த முறையீடுகளுள் ஒன்று, அரைமணி நேரமேயாகிய நண்பகல் இடைவேளையைச் சிறிது நீட்டவேண்டும் என்பது. பத்து நிமிடம் என்பது கற்றார்க்கு அற்பமாகத் தோன்றலாம். கைகழுவி, வரிசையில் நின்று, உண்டு, மணியொலிக்குமுன் பொறியின் அருகே மீளவேண்டியவனுக்கு அஃது அற்பமன்று. அவன் தனியே கேட்டிருப்பின் வேலையிழந்திருப்பான். சங்கத்தின் வாயிலாகக் கேட்டபோது அது விண்ணப்பமாயிற்று. விடை கூறவேண்டிய கடப்பாடு ஆலையாருக்கு வந்தது. தனியொருவனின் முணுமுணுப்பைப் பலர் அறிய உரைக்கும் பொதுமொழியாக்கியதே சங்கத்தின் முதற்பயன் எனலாம்.

திரு.வி.க.வின் நடை இங்கேயே தேவைப்பட்டது. வாடியா ஆங்கிலத்திற் பேசுவார். அவர் உரை மொழிபெயர்ப்பின் வழியே கூட்டத்தை எட்டும். திரு.வி.க. நேரே பேசினார். பத்துமணி நேரத்திற்கு மேல் இரைச்சலில் நின்று வந்தவனுக்கு நெடுவாக்கியம் செவியில் நில்லாது. எழுவாயும் பயனிலையும் அணுகி நிற்றல் வேண்டும். சொன்னதை வேறு சொல்லால் மீண்டும் சொல்லல் வேண்டும். இலக்கண நூலார் ‘கூறியது கூறல்’ எனக் குற்றங்காணும் இவ்வியல்பு, மேடையில் குணமாயிற்று. பிற்கால நூல்களிலும் அவரை விட்டு அது நீங்கவில்லை. படிப்போர்க்கு அங்கே சிறிது சலிப்புத் தோன்றுவதும் உண்மையே.

பேச்சிற்கு இருந்த ஆற்றலை ஆலையார் நம்மினும் நன்குணர்ந்திருந்தனர். 1920இன் கதவடைப்பையொட்டி, தொழிலாளரை ஒப்பந்தம் மீறத் தூண்டினர் என்று பின்னி நிறுவனத்தார் வாடியா முதலியோர்மீது சென்னை உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்துத் தடையாணை பெற்றனர். மேடைப்பேச்சே வழக்கின் பொருளாயிற்று. இணக்கம் ஏற்பட்டு, வாடியா சங்கத்தினின்று விலகினார். இத்தகைய வழக்கினின்று பதிவுபெற்ற சங்கத்தார்க்குப் பாதுகாப்பளித்த சட்டம் 1926இல்தான் வந்தது.

இதுகாறும் கூறியவை நூலுக்குச் சிறப்பு. குறை கூறுதலும் திறனாய்வாளன் கடன். திரு.வி.க. ‘தொழிலாளர்’ என்னும் பன்மையில் மிகுந்த நம்பிக்கை கொண்டவர். அப்பன்மை மேடைக்கு வலிமை. வரலாற்றுக்கு அது போதாது. நூலைப் படித்து முடித்தபின் தலைவர் பெயர்கள் நினைவில் நிற்கும் அளவிற்குப் பொறியருகே நின்றவர் பெயர்கள் நிற்பதில்லை. 1921இல் இக்குறை நூலின் எல்லையைக் கடந்து பெரிதாகின்றது. அவ்வாண்டின் நடுப்பகுதியில் மூண்டு அக்டோபர்வரை நீண்ட வேலைநிறுத்தத்தில் ஆதிதிராவிடத் தொழிலாளருட் பெரும்பாலோர் சேராது வேலைக்குச் சென்றனர். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. கலவரமும் காவலர் துப்பாக்கிச் சூடும் நிகழ்ந்தன. சங்கம் தோற்றது.

வேலைக்குச் சென்றோரைச் சங்கத்தின் பகைவர் என்று கூறிவிடுதல் எளிது. பலர் கூறியும் உள்ளனர். எனக்கு அஃது உடன்பாடன்று. கைப்பொருளும் ஊரில் நிலமும் இல்லாத குடும்பம், மாதக்கணக்கில் கூலியின்றி இருத்தல் எங்ஙனம்? அன்றியும், சேரியை ஒதுக்கிய தெருவில் வாழ்ந்தோர் ஆலைவாயிலில் மட்டும் உடன்பிறப்பு என்று அழைத்தால், அவ்வழைப்பு எவ்வளவு தொலைவு செல்லும்? எம். சி. ராஜா சட்டமன்றத்தில் ஆதிதிராவிடத் தொழிலாளர் சார்பில் வாதாடினார். அவர் தரப்பையும் திரு.வி.க.வின் நூலையும் ஒருங்குவைத்துக் கற்றாலன்றி 1921 நமக்கு விளங்காது. பொதுமொழி என்று மேலே கூறினேன். அம்மொழியில் யாருடைய குறை முதலில் பேசப்பட்டது, யாருடையது பேசப்படாமலே நின்றது என்பதும் ஆய்வுக்குரியதே.

இதனால் திரு.வி.க.வின் நேர்மையை ஐயுறவேண்டுவதில்லை. 1947இல் அதே ஆலைகளின் வேலைநிறுத்தத்தையொட்டி, அறுபதைக் கடந்த முதுமையில், விடுதலையை எய்தவிருந்த நாட்டின் காங்கிரஸ் அரசாலேயே அவர் வீட்டுக்காவலில் வைக்கப்பட்டார். அவர் தளர்ந்திலர்.

நூலின் முற்பகுதியில் பிறிதொரு செய்தி உண்டு. இளமையில் கைகால் முடங்கிக் கிடந்த திரு.வி.க.வை மருந்தளித்து எழுப்பியவர் இராயப்பேட்டை அயோத்திதாச பண்டிதர். பௌத்த சங்கம் நிறுவிய ஆதிதிராவிடப் பேரறிஞர் அவர். சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றுவதற்கு நான்காண்டு முன்னர், 1914இல் மறைந்தார். அவரைப் பற்றி எழுதுங்கால் திரு.வி.க.வின் பன்மை மறைந்து, ஒரு மனிதர் தம் பெயரோடும் தொழிலோடும் நம்முன் நிற்கின்றார். 1921ஐப் பற்றிய பகுதியைப் பயிலும் மாணவர் அப்பக்கங்களையும் உடன் திறந்து வைத்துக்கொள்வாராக.