பத்துக்குப் பத்து அறையில் 5.1

வடசென்னையில் வீட்டில் ஹோம் தியேட்டர் வைத்திருக்கும் ஆர்வலர்களில் பலர் அதைக் கடையில் பெட்டியோடு வாங்கியவர்கள் அல்ல. ரிச்சி தெருவில் போர்டு, ட்ரான்ஸ்ஃபார்மர், ஹீட்சிங்க் என்று தனித்தனியாக வாங்கிவந்து தகர கேபினட்டுக்குள் தாங்களே கோத்தவர்கள். அல்லது தங்கள் தெருவிலேயே அப்படிக் கோத்துக் கொடுக்கும் ஒருவரிடம் சொல்லிச் செய்துகொண்டவர்கள். சான்யோவின் எல்ஏ4440 ஐசியில் தொடங்கிய தலைமுறை டிடிஏ2030, டிடிஏ7294 என்று ஏறி, இன்று உள்ளங்கை அளவு கிளாஸ்-டி போர்டுகளுக்கு வந்திருக்கிறது. அந்த ஆம்ப் போர்டுக்கு முன்னால் முன்பெல்லாம் ஒரு டீகோடர், இப்போது ஒரு டிஎஸ்பி (டிஜிட்டல் சிக்னல் பிராசசர்) போர்டு. ராயபுரம் முதல் எண்ணூர் வரை மாடிப்படி அடியிலும் டிவி ஸ்டாண்டுக்குள்ளும் நீல விளக்கு எரிய உட்கார்ந்திருப்பவை பெரும்பாலும் இத்தகைய செட்டுகள்தான்.

இந்தக் கைத்திறனுக்கு நான் முழு ஆதரவாளன். அது எதை நோக்கிப் போகிறது என்பதில்தான் எனக்குப் பிணக்கு.

முதலில் ஆதரவுக்கான காரணம். எண்ணூரில் அசோக் லேலண்ட், திருவொற்றியூரில் எம்ஆர்எஃப், ராயல் என்ஃபீல்டு என்று பல தலைமுறைகள் தொழிற்சாலைகளோடு வளர்ந்த பகுதி இது. எஞ்சின் சத்தத்தைக் கேட்டே கோளாறு சொல்பவர்கள், தகரம் மடிக்கத் தெரிந்தவர்கள், சால்டரிங் பிடித்துப் பழகிய ஐடிஐ பிள்ளைகள் இங்கே தெருவுக்குத் தெரு உண்டு. ஒரு பொருளைத் திறந்து பார்க்கத் தயங்காத மனம் இங்கே இயல்பாகவே இருக்கிறது. அந்த மனம் இந்த ஊருக்கு அவசியமும்கூட. கடல் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. உப்புக்காற்றில் ஆர்சிஏ ஜாக்குகள் பச்சை பூக்கும். வால்யூம் கன்ட்ரோல் கரகரக்கும். மணலி, எண்ணூர் ஆலைகளின் புகையோடு வரும் கந்தகம் ரிலேக்களின் வெள்ளி முனைகளைக் கறுக்கவைக்கும். விலை உயர்ந்த கம்பெனி ரிசீவர் ஒன்றில் எச்டிஎம்ஐ போர்டு போனால் உதிரிபாகம் கிடைக்காமல் மொத்தப் பெட்டியும் மூலைக்குப் போகிறது. அசெம்பிள் செட்டில் போன ஐசியை மட்டும் கழற்றி மாற்றினால் மாலையில் பாட்டு கேட்கலாம். தன் கருவியைத் தானே பழுது பார்க்கத் தெரிந்தவருக்கு அது எளிதில் குப்பையாவதில்லை. இதைச் சிறிய பெருமையாக நான் நினைக்கவில்லை.

ஒரு குறையை இங்கேயே சொல்லிவிட வேண்டும். இந்தச் செட்டுகளில் பலவற்றுக்கு எர்த் ஒயர் கிடையாது. 230 வோல்ட் நேராக நுழையும் தகரப் பெட்டி, உள்ளே ஃப்யூஸ் இல்லாத ட்ரான்ஸ்ஃபார்மர், வெளியே குழந்தை கை வைக்கும் உயரம். எர்த் கொடுத்தால் ஹம் வருகிறது என்பதற்காக ஒயரை வெட்டி விடுபவர்களும் உண்டு. ஹம் கிரவுண்டு லூப்பால் வருவது. அதைத் தீர்க்க உள்ளே சிக்னல் கிரவுண்டுகளை ஒரே புள்ளியில் சேர்ப்பது போன்ற வழிகள் இருக்கின்றன. எர்த்தை வெட்டுவது அந்த வழிகளில் ஒன்றல்ல.

இனி சரவுண்டு. இந்த ஆசையை ஊட்டியது சினிமாதான். 1995-இல் 'குருதிப்புனல்' டால்பி ஸ்டீரியோவில் வந்தது. 1996-இல் 'கருப்பு ரோஜா' டிடிஎஸ்ஸில் வந்தது. 2012 டிசம்பரில் 'சிவாஜி' முப்பரிமாண வடிவம் டால்பி அட்மாஸில் வந்தது. தியேட்டரில் முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு ஒலி வந்து திரும்பிப் பார்த்தவர், அதை வீட்டிலும் கேட்க ஆசைப்படுவது நியாயம். தண்டையார்பேட்டையின் அகஸ்தியா போன்ற பழைய தியேட்டர்கள் மூடப்பட்ட பிறகு அந்த ஆசை இன்னும் நியாயம்.

ஆனால் '5.1' என்று அச்சிட்ட மலிவு போர்டுகளில் பல உண்மையில் என்ன செய்கின்றன? உள்ளே வருவது ஸ்டீரியோ, இரண்டே சேனல். இடதையும் வலதையும் கூட்டினால் நடு ஸ்பீக்கர். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் பின்பக்கம். மேல் அலைவரிசைகளை வெட்டிவிட்டால் சப்-ஊஃபர். இந்தக் கழித்தல் உத்தி புதிதல்ல. அமெரிக்கப் பொறியாளர் டேவிட் ஹாஃப்லர் 1970 வாக்கிலேயே இரண்டு ஒயரை மாற்றிப் போட்டு இதைச் செய்துகாட்டினார். 1982-இன் டால்பி சரவுண்டும் இதே அடிப்படையில் எழுந்தது. 1987-இன் புரோ லாஜிக் அதோடு திசை பிரிக்கும் சர்க்யூட்டைச் சேர்த்தது.

இதை மோசடி என்று தள்ள முடியாது. நன்றாக ஸ்டீரியோவில் பதிவான ஒரு இளையராஜா பாட்டில் பாடகரின் குரல் நடுவில் இருக்கும். இரு பக்கமும் சமமாக இருப்பதால் கழித்தலில் அது காணாமல் போய்விடும். பின்பக்கத்தில் வயலின்களும் எக்கோவும் மட்டும் மிதக்கும். கேட்க அழகாகவே இருக்கும். ஆனால் அதே செட்டில் எம்.எஸ்.வி.யின் பழைய மோனோ பாட்டு ஒன்றைப் போடுங்கள். இரண்டு சேனலும் ஒன்றே என்பதால் கழித்தால் பூஜ்யம். பின் ஸ்பீக்கர்கள் ஊமையாகிவிடும். போர்டு போய்விட்டது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம்; போர்டு சரியாகத்தான் வேலை செய்கிறது. பாட்டில் இல்லாத திசையை அது உண்டாக்கித் தராது, அவ்வளவுதான்.

உண்மையான ஆறு சேனல் வேண்டுமென்றால் டிஜிட்டல் டீகோடர் வேண்டும். அங்கேயும் ஒரு சிக்கல். ஓடிடி தளங்கள் அனுப்பும் 5.1 பொதுவாக டால்பி டிஜிட்டல் பிளஸ். மலிவு டீகோடர்கள் பலவற்றுக்குப் புரிவது பழைய டால்பி டிஜிட்டலும் டிடிஎஸ்ஸும்தான். டிவி நடுவில் நின்று மாற்றிக் கொடுத்தால் ஆறு சேனல் வரும். டிவியின் ஒலி அமைப்பு 'பிசிஎம்' என்று இருந்தால் ஆப்டிகல் ஒயரில் வருவது வெறும் ஸ்டீரியோ. 2021 ஜூலையில் 'சார்பட்டா பரம்பரை' தியேட்டருக்கு வராமல் நேராக அமேசான் பிரைமில் வந்தது. வடசென்னையின் குத்துச்சண்டைக் கதையை வடசென்னை தன் வீட்டு ஸ்பீக்கர்களில்தான் முதலில் கேட்டது. எத்தனை வீடுகளில் அந்த மைதானத்துக் கூச்சல் உண்மையிலேயே பின்னாலிருந்து வந்திருக்கும், எத்தனை வீடுகளில் கூட்டிக் கழித்த ஸ்டீரியோவாக வந்திருக்கும் என்று நான் பலமுறை நினைத்திருக்கிறேன். டிவி மெனுவில் ஒரே ஒரு தேர்வை மாற்றாததால் ஐந்து ஸ்பீக்கரும் வீணாவது எனக்கு வருத்தம்.

இனி விஷயத்தின் மையமான டிஎஸ்பிக்கு வருவோம்.

இன்று இங்கே புழங்கும் டிஎஸ்பி போர்டுகளில் பரவலானது அனலாக் டிவைசஸ் நிறுவனத்தின் ஏடிஏயூ1701 சிப் கொண்டது. இரண்டு சேனல் உள்ளே, நான்கு சேனல் வெளியே. சிக்மா ஸ்டுடியோ என்ற இலவச மென்பொருளில் படம் வரைவதுபோல் இழுத்துப் போட்டு கிராஸ்ஓவர், ஈக்வலைசர், தாமதம் எல்லாவற்றையும் அமைக்கலாம். ஒருகாலத்தில் ஸ்டூடியோக்களிலும் பெரிய சவுண்டு சர்வீஸ்காரர்களிடமும் மட்டும் இருந்த ஆற்றல் இது. பிள்ளைகள் இதைத் தாங்களே கற்று இயக்குகிறார்கள் என்பதில் எனக்கு அளவற்ற மகிழ்ச்சி.

அதன் உண்மையான பயன் எங்கே என்று பார்க்க, இந்தப் பகுதியின் வழக்கமான பத்துக்குப் பத்து அறை ஒன்றை எடுத்துக்கொள்வோம். கான்கிரீட் கூரை, அதுவும் பத்தடி உயரம். நம் ஊர் வெக்கையில் ஒலி நொடிக்குச் சுமார் 349 மீட்டர் போகிறது. பத்தடி என்றால் 3.05 மீட்டர். இரண்டு சுவர்களுக்கு நடுவே சரியாக அரை அலை பொருந்தும் அதிர்வெண் ஏறக்குறைய 57 ஹெர்ட்ஸ். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒன்றே என்பதால் மூன்று திசையிலும் அதே 57 ஹெர்ட்ஸ் திரும்பத் திரும்ப எழும்புகிறது. ஒலியியலில் கனசதுர அறையைவிட மோசமான அறை அரிது. பேஸ் கிதாரின் கீழ்ப்பகுதி சுமார் 41 ஹெர்ட்ஸில் தொடங்குகிறது. 55 ஹெர்ட்ஸில் ஒரு சுரம், 58-இல் அடுத்தது. ஆக, படிப்படியாக ஏறி இறங்கும் ஒரு பேஸ் வரிசையில் அந்த இரண்டு சுரங்கள் மட்டும் வீட்டையே அதிரவைக்கும், மற்றவை முணுமுணுக்கும். இளையராஜாவின் பேஸ் கிதாரைக் கொண்டாடும் ஊரில், பாதி வீடுகளில் அது 'டும் டும்' என்று ஒரே சுரமாகக் கேட்பதற்கு அறைதான் முதல் காரணம்.

இன்னொன்றும் நடக்கும். சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பவருக்கு அந்த 57 ஹெர்ட்ஸ் நெஞ்சில் இடிக்கும். அறையின் நடுவே பாயில் உட்கார்ந்திருப்பவருக்கு அதே ஒலி ஏறக்குறைய இருக்காது. அங்கே அலைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. அண்ணன் 'பேஸ் ஜாஸ்தி' என்கிறார், தம்பி 'பேஸே இல்லைண்ணா' என்கிறான். இருவரும் சொல்வது உண்மை.

டிஎஸ்பி இங்கே என்ன செய்ய முடியும்? எழும்பி நிற்கும் 57 ஹெர்ட்ஸைக் குறுகலாக வெட்டிக் குறைக்கலாம். சுவரோரம் அமர்பவருக்கு அது பெரிய நிவாரணம். மற்ற சுரங்கள் தெளிந்து வரும். முன் ஸ்பீக்கர் எட்டடி, பின் ஸ்பீக்கர் மூன்றடி தொலைவில் இருந்தால், அந்த ஐந்தடி வித்தியாசத்துக்குப் பின்பக்கத்தைச் சுமார் 4.4 மில்லிசெகண்ட் தாமதப்படுத்தலாம். காது முதலில் வந்து சேரும் ஒலியின் திசையையே நம்பும் என்பதை ஹெல்முட் ஹாஸ் 1949-லேயே விளக்கியிருக்கிறார். தாமதம் போடாத செட்டில் வசனம்கூடக் காதருகே இருக்கும் பின் ஸ்பீக்கர் பக்கம் இழுபடுவது அதனால்தான். இவை இரண்டும் டிஎஸ்பியின் உண்மையான வெற்றிகள்.

செய்ய முடியாதது எது? நடுவில் உட்கார்ந்திருப்பவருக்குக் காணாமல் போன பேஸைக் கூட்டித் தருவது. அலைகள் அழித்துக்கொள்ளும் இடத்தில் எவ்வளவு ஏற்றினாலும் அழிவும் சேர்ந்தே ஏறும். அங்கே சப்-ஊஃபரை மூலையிலிருந்து சுவரின் நடுவுக்கு நகர்த்திப் பார்ப்பது, உட்காரும் இடத்தை இரண்டடி தள்ளுவது போன்றவைதான் வழி. ஹார்மன் நிறுவனத்தின் டாட் வெல்ட்டி 2002-இல் செய்த ஆய்வு, எதிரெதிர் சுவர்களின் நடுவில் இரண்டு சப்-ஊஃபர் வைத்தால் அறை முழுக்க பேஸ் சீராகும் என்று காட்டியது. ஒரு பெரிய சப்-ஊஃபர் வாங்கும் பணத்தில் இரண்டு சிறியவை வாங்குவது மேல்.

இந்தப் பழக்கத்தின் பெரிய குறை இங்கேதான் தெரிகிறது. கையில் இருப்பது வெட்டவும் தாமதப்படுத்தவும் உகந்த கருவி. அதை ஏற்றுவதற்கே பயன்படுத்துகிறார்கள். 40 ஹெர்ட்ஸில் 6 டெசிபல் ஏற்றினால் ஆம்ப் நான்கு மடங்கு பவர் தர வேண்டும், ஸ்பீக்கர் கோன் இரண்டு மடங்கு நகர வேண்டும். எட்டு அங்குல சப்-ஊஃபர் தாங்காது, காயில் கருகும். அட்டைப்பெட்டியில் 'பிஎம்பிஓ' என்று ஆயிரக்கணக்கில் அச்சடித்த வாட்ஸை நம்பி ஏற்றியவர்களின் கருகிய காயில்களைப் பழுது பார்ப்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

அடுத்த குறை, நகல். ஒருவர் தன் அறைக்குத் தன் ஸ்பீக்கருக்குச் செய்த டிஎஸ்பி புரோகிராமை இன்னொருவர் அப்படியே ஏற்றிக்கொள்கிறார். 'சூப்பர் செட்டிங்' என்று அது கைமாறுகிறது. அடுத்தவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படிப்பதற்கும் இதற்கும் வித்தியாசமில்லை. அளவீடு இல்லாமல் காதை மட்டும் வைத்து, அதுவும் ஒரே ஒரு குத்துப்பாட்டை வைத்து ட்யூன் செய்வதும் இதே வகை. கடைசியில் அந்தச் செட்டில் அந்த ஒரு பாட்டு மட்டும் நன்றாக இருக்கும். படத்தில் வசனம் புரியாது. வடசென்னைப் பேச்சை அதன் வேகத்தோடும் வளைவோடும் பதிந்த படங்களில் ஒரு சொல் தவறினாலும் நட்டம்தானே.

அறைக்கு வெளியே இருப்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். கன்டெய்னர் லாரிகள் இரவெல்லாம் ஓடும் சாலையோரம் குடியிருப்பவருக்கு, டீசல் எஞ்சினின் தாழ்ந்த உறுமல் எப்போதும் பின்னணியில் இருக்கிறது. சரவுண்டின் அழகே மெல்லிய ஒலிகளில்தான்: தூரத்துப் பறவை, மழை. அவை அந்த உறுமலில் மூழ்கிவிடும். மூழ்குகிறதே என்று மொத்தத்தையும் ஏற்றினால் சண்டைக்காட்சியில் பக்கத்து வீட்டுக் குழந்தை எழுந்து அழும். குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்று 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் வரம்பு வைத்திருக்கின்றன. இரவு என்பது பத்து மணி முதல் காலை ஆறு வரை. சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில் பேஸ் சுவரைத் தாண்டித்தான் போகும். மெல்லியதை ஏற்றி, பெரியதை அமுக்கும் நைட் மோடு இந்த இடத்துக்கென்றே செய்ததுபோல் இருக்கிறது. ஆர்வலர்கள் அதை ஒலியைக் கெடுப்பது என்று ஒதுக்குகிறார்கள். சத்தமற்ற பங்களாவில் வசிப்பவர் ஒதுக்கலாம். எண்ணூர் நெடுஞ்சாலை ஓரத்தில் அதுதான் அதிக விவரத்தைக் கேட்கவைக்கும் அமைப்பு.

ஆகவே என் தீர்ப்பு இது. பத்துக்குப் பத்து அறைக்கு ஐந்து ஸ்பீக்கர் முதல் தேவை அல்ல. நல்ல இரண்டு ஸ்பீக்கர், ஒரு சப்-ஊஃபர், இரண்டு உள்ளே நான்கு வெளியே உள்ள ஒரே டிஎஸ்பி போர்டு: 2.1-க்கு அந்தச் சிப் கச்சிதமாகப் போதும், பிறகு இரண்டாவது சப்-ஊஃபர் சேர்க்க ஒரு சேனல் மிச்சமும் இருக்கும். இதை ஒழுங்காக அளந்து அமைத்தால், அளக்காமல் மாட்டிய எந்த 5.1-ஐயும்விட உயர்வாக ஒலிக்கும். சேனல் எண்ணிக்கையைப் பெருமையாகச் சொல்லும் வழக்கம் ஸ்பீக்கருக்குப் போக வேண்டிய பணத்தை விழுங்குகிறது.

கோக்கத் தெரிந்த கைகளுக்கு அளக்கக் கற்பது கடினமே இல்லை. ரூம் ஈக்யூ விசார்டு என்ற மென்பொருள் இலவசம். பழைய லேப்டாப் போதும். போன் மைக் தாழ்ந்த ஒலிகளைச் சரியாகப் பிடிக்காது. அளவீட்டுக்கென்று செய்த மைக் ஒன்று வேண்டும். ஒரு தெருவில் நான்கைந்து பேர் காசு போட்டு ஒன்று வாங்கி வீடு வீடாக அளந்துகொள்ளலாம். சர்க்யூட்டைப் பகிர்வதுபோல் அளந்த வரைபடத்தையும் பகிருங்கள். அடுத்த போர்டுக்கு எடுத்து வைத்திருக்கும் பணத்தில் முதலில் அந்த மைக்கையும் ஒரு மூன்று முனை எர்த் ப்ளக்கையும் வாங்குங்கள். பின் ஸ்பீக்கர்களை அதற்குப் பிறகு வாங்கிக்கொள்ளலாம்.